சீரியம் ஆக்ஸைடு மெருகுப் பொடி: பெங்களூர்க் கடைகளில் கிடைக்கும் மூன்று வகைகள்

கண்ணாடியை மெருகேற்றுவதற்கென்று பெங்களூரில் விற்கப்படும் சீரியம் ஆக்ஸைடு பொடிகளில் மூன்றை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். முதலாவது, எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் மெருகுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கிய வெள்ளை நிறப் பொடி. இரண்டாவது, அதே கடையில் கண்ணாடி வேலை செய்பவர்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் இளஞ்சிவப்பு கலந்த பழுப்புப் பொடி. மூன்றாவது, கார் முன்கண்ணாடியின் கீறலைப் போக்கும் என்று சொல்லி, ஃபெல்ட் வட்டும் டிரில்லில் மாட்டுவதற்கான தண்டும் சேர்த்துப் பெட்டியாக இணையத்தில் விற்கப்படுவது. முதல் இரண்டையும் 6 அங்குலத் தொலைநோக்கி ஆடி ஒன்றிலும், மூன்றாவதன் வட்டை மட்டும், அதன் பொடியைச் சோதித்து ஒதுக்கிய பிறகு, வைப்பர் தேய்த்துக் கோடு விழுந்த ஒரு முன்கண்ணாடியிலும் பயன்படுத்தினேன். வெள்ளைப் பொடியை ஆடி செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பழுப்புப் பொடி மலிவு, வேகம் அதிகம், சாதாரணக் கண்ணாடி வேலைக்குப் போதுமானது. கார்ப் பெட்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்கான காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பொடியின் குணம் அதன் உலோகத்திலிருந்து வருவதால் முதலில் சீரியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அணு எண் 58 கொண்ட இந்த அருமண் உலோகத்தின் ஆக்ஸைடை 1803இல் ஸ்வீடனில் பெர்சீலியஸும் ஹிசிங்கரும், அதே ஆண்டில் ஜெர்மனியில் கிளாப்ரோத் தனியாகவும் கண்டறிந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த சீரிஸ் என்ற குறுங்கோளின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். வானத்தைப் பார்க்கும் கருவிக்கு உதவும் பொருளுக்கு இப்படியொரு பெயர் அமைந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. புவியோட்டில் ஏறத்தாழச் செம்பு இருக்கும் அளவுக்குச் சீரியமும் இருக்கிறது. அருமண் உலோகங்களில் மிகுதியாகக் கிடைப்பது இதுவே. தூய உலோகம் கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையானது. காற்றுப் பட்டால் பளபளப்பு விரைவில் மங்கிவிடும். அரத்தால் சுரண்டினால் அதன் துகள்கள் காற்றிலேயே பற்றிக்கொண்டு பொறியாகப் பறக்கும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி ஆஸ்திரியரான கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் சீரியமும் இரும்பும் சேர்ந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரின் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் ‘கல்’லும், பீன்யாவின் வெல்டிங் பட்டறைகளில் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்க உரசும் கருவியில் இருக்கும் ‘கல்’லும் அந்தக் கலவையின் வழிவந்தவைதான்.

மெருகு வேலைக்கு உதவுவது வேறொரு குணம். பெரும்பாலான அருமண் உலோகங்கள் தம் சேர்மங்களில் மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையிலேயே நிலைத்துவிடுகின்றன. சீரியமோ மூன்றை இழந்த நிலைக்கும் நான்கை இழந்த நிலைக்கும் இடையே எளிதாக மாறி மாறிச் செல்லக்கூடியது. கார்களின் புகைபோக்கிப் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் மிகுந்திருக்கும்போது அதைச் சேர்த்துவைத்துக் குறையும்போது வெளிவிடுவது அதிலுள்ள சீரியம் ஆக்ஸைடின் இந்த ஊசலாட்டத்தால்தான். கண்ணாடியின் மேல் நடக்கும் வேலைக்கும் இதுவே அடிப்படை என்று கருதப்படுகிறது.

மெருகேற்றுவது என்றால் மிக நுண்ணிய பொடியால் மேலும் மெல்லத் தேய்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். சிலிக்கன் கார்பைடு போன்ற தேய்ப்புப் பொடிகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. கண்ணாடியைவிட மிகக் கடினமான துகள்கள் அதன் மேற்பரப்பை நுண்ணிய சில்லுகளாக உடைத்து எடுக்கின்றன, அதனால் எவ்வளவு நுண்ணிய பொடிக்கு மாறினாலும் பரப்பு சாம்பல் பூத்தது போலவே இருக்கும். சீரியம் ஆக்ஸைடின் கடினத்தன்மையோ ஏறத்தாழக் கண்ணாடியின் கடினத்தன்மைதான். வெறும் பலத்தால் அது கண்ணாடியை வெட்ட முடியாது. தண்ணீர் முதலில் கண்ணாடியின் மேல்தோலை நனைத்து இளக்குகிறது. பிறகு துகளின் பரப்பிலுள்ள சீரியம் அணு, ஆக்சிஜன் வழியாகக் கண்ணாடியின் சிலிக்கன் அணுவோடு பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. துகள் நகரும்போது அந்தப் பிணைப்பு சிலிக்கனைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒளியியல் துறையினர் இதை வேதியியல் பல் என்று சொல்வார்கள். ஆக, பொடியும் தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து செய்யும் வேதிவினைக்குக் கையின் அசைவு துணை நிற்கிறது. தண்ணீர் இல்லாமல் எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் மெருகு ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடுவதற்கும், பழைய முறையில் பயன்படுத்திய ரூஜ் என்னும் இரும்பு ஆக்ஸைடு மிக மெதுவாக வேலை செய்வதற்கும் காரணம் இதுதான்.

இவ்வளவு நுணுக்கம் ஆடிக்கு எதற்கு என்று கேட்கலாம். 6 அங்குல விட்டமும் 48 அங்குலக் குவியத் தொலைவும் கொண்ட ஆடியின் நடுக்குழியின் ஆழம் ஏறத்தாழ 1.2 மி.மீ. மட்டுமே. அந்தக் குழியைத் தேய்ப்புப் பொடியால் உருவாக்கிய பிறகு, அதன் வடிவம் விரும்பிய வளைவிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகாமல் மெருகேற்ற வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளமான 550 நானோமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 70 நானோமீட்டருக்குள் பிழை அடங்கியிருந்தால்தான் சனியின் வளையம் கூர்மையாகத் தெரியும். இந்த அளவில் பொடியின் குறை நேராகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெங்களூருக்கு இந்த வேலை புதிதல்ல: தமிழ்நாட்டின் காவலூரில் 1986 ஜனவரியில் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி, கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில்தான் தேய்த்து மெருகேற்றப்பட்டது.

கடைக்கு வருகிறேன். கல்லாவில் இருந்த பெரியவர் அல்சூர்த் தமிழர். “சார், வெள்ளையா, செவப்பா? கண்ணாடிக்காரங்க எல்லாம் செவப்புதான் எடுப்பாங்க, வெள்ளைக்கு ஆளு கம்மி,” என்றார். ஆடி செய்வதற்கு என்று சொன்னதும் இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “தேச்சுப் பாருங்க, நறநறன்னா எடுக்காதீங்க,” என்று சொன்னார். நறநறப்பு இரண்டிலுமே இல்லை. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சந்தையில் ‘சிவப்புப் பவுடர்’ என்று கேட்டால் சில கடைகளில் நகைப் பட்டறைக்கான ரூஜைக் கொடுத்துவிடுவார்கள். ரூஜ் செங்கல் நிறத்தில் விரலிலும் துணியிலும் அப்பிக்கொண்டு லேசில் போகாது. பழுப்புச் சீரியம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும், கழுவினால் போய்விடும். ‘சீரியம்’ என்று பெயர் சொல்லியே கேட்பது நல்லது.

நிற வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. தூய சீரியம் ஆக்ஸைடு வெள்ளை அல்லது மிக இளம் மஞ்சள் நிறம். கனிமத்திலிருந்து முழுமையாகப் பிரிக்காமல் லாந்தனம், பிரசியோடிமியம் போன்ற உடன்பிறப்புகளுடன் சேர்த்துச் சுட்டு அரைத்தால், கருப்பு கலந்த நிறமுடைய பிரசியோடிமியம் ஆக்ஸைடின் சிறு கலப்பே முழுப் பொடியையும் பழுப்பாக்கிவிடுகிறது. அதனால் நிறத்தை வைத்துத் தூய்மையை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் தூய்மை மட்டுமே மெருகின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. துகளின் அளவும், அளவின் ஒருமையும் அதைவிட முக்கியம். பழுப்புப் பொடிகளில் மிகச் சிறந்தவை இருக்கின்றன, வெள்ளையிலும் மோசமானவை இருக்கின்றன.

துகளின் ஒருமையைச் சோதிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல முறை படியவிடுவது. சீரியம் ஆக்ஸைடின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏழு மடங்குக்கு மேல் என்பதால் அது வேகமாகவே படியும். படியும் வேகம் துகள் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 10 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் 10 மைக்ரான் துகள் சுமார் 5 நிமிடத்தில் அடியைத் தொட்டுவிடும். 1 மைக்ரான் துகளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரான கண்ணாடிக் குவளையில் வாலை வடிநீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கட்டியில்லாமல் கலக்கி வைத்து, 5 நிமிடம் கழித்து மேலே கலங்கலாக நிற்பதை வேறு பாத்திரத்துக்கு மெதுவாகச் சாய்த்துவிட்டால், அடியில் தங்குவது பெரும்பாலும் நமக்கு வேண்டாத பருமனான துகள்கள். வெள்ளைப் பொடியில் அடியில் தங்கியது மெல்லிய படலம் மட்டுமே, அதுவும் விரலுக்கு வழவழப்பாகவே இருந்தது. பழுப்பில் அதைவிடக் கூடுதலாகத் தங்கியது, ஆனால் அதிலும் நறநறப்பு இல்லை. கார்ப் பெட்டியின் பொடியில் அடியில் தங்கியது கையில் உறுத்தியது; அழுக்கு மஞ்சளாக இருந்த அந்தப் படிவை ஒரு சன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் ஒருமுறை இழுத்ததும் நேர்கோடாக ஒரு கீறல் விழுந்தது. கண்ணாடியைக் கீறுவது சீரியம் ஆக்ஸைடின் குணம் அல்ல. அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கோடு ஒன்றே போதும். இந்தப் படியவைக்கும் சோதனைக்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. நகரின் பல பகுதிகளில் வரும் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நல்ல பொடிகூடப் பருத்ததுபோல் விரைவில் படிந்துவிடும்.

ஆடியின் மேல் இவை நடந்துகொண்ட விதத்தையும் சொல்கிறேன். தார் போன்ற கீலை (பிட்ச்) உருக்கி ஊற்றி, சதுரச் சதுரமாக வாய்க்கால் வெட்டிய தட்டின்மேல் மோர்ப் பதத்தில் கரைத்த பொடியைத் தூரிகையால் பூசி, ஆடியை அதன்மேல் வைத்துத் தள்ளி இழுக்க வேண்டும். வெள்ளைப் பொடியுடன் முதலில் ஆடி தட்டில் வழுக்கிக்கொண்டு போனது. கரைசல் மெலிந்து துகள்கள் கீலின் மேல்தோலில் பதிந்ததும் கைக்கு ஒரு பிடிப்பு தெரிந்தது, ஆடி தட்டைக் கவ்விக்கொண்டு கனமாக நகர்ந்தது. அந்தப் பிடிப்புதான் வேலை நடப்பதற்கான அடையாளம். சற்று நேரத்தில் ஆடியைத் தூக்கிக் கழுவி, விளக்கொளியைச் சாய்வாக விழவிட்டுப் பார்த்தால், சாம்பல் பூத்த பரப்பின் நடுப்பகுதியில் முதலில் மங்கலாகவும் பிறகு தெளிவாகவும் விளக்கின் உருவம் பளிச்சிடத் தொடங்கியது. ஓரம் வரை அந்தத் தெளிவு பரவ நேரம் எடுத்தது என்றாலும், முன்பு ரூஜில் வேலை செய்தவர்கள் சொல்லும் கால அளவோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. கைகளும் தரையும் சிவக்காததைத் தனி நன்மையாகவே சேர்க்கலாம்.

பழுப்புப் பொடி தொடக்கத்தில் வெள்ளையைவிடச் சற்று வேகமாகவே சாம்பலை நீக்கியது. ஆனால் பரப்பு முழுவதும் தெளிந்த பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியாகப் பார்த்தபோது மயிரிழையிலும் மெல்லிய கீற்றுகள் சில தெரிந்தன. அவை கண்ணாடிக் கதவிலோ மேசையிலோ ஒரு பொருட்டே அல்ல. ஆடியில் அவை ஒளியைச் சிதறடித்து இருண்ட வானத்தின் பின்னணியை வெளிறச் செய்யும். அவற்றை வெள்ளைப் பொடியால் தேய்த்து நீக்க முடிந்தது. ஆகவே இரண்டையும் வாங்கி, பெரும்பகுதி வேலையைப் பழுப்பிலும் இறுதி வடிவமைப்பை வெள்ளையிலும் செய்வது சிக்கனமான வழி என்று தோன்றுகிறது. மாற்றும்போது தட்டை முழுமையாகக் கழுவவோ, முடிந்தால் வேறு தட்டு ஊற்றவோ வேண்டும். பெங்களூரின் இதமான காற்று கீலுக்கு ஒத்துப்போகிறது. இதே வேலையைச் சென்னையில் செய்பவர்கள் கோடையில் இன்னும் கடினமான கீலைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தட்டின் வாய்க்கால்கள் மூடிக்கொள்ளும். இங்கே மார்கழிக் காலையில் தட்டை வெதுவெதுப்பான நீரில் சற்றே இளக்கிக்கொண்டால் போதும்.

இனி அந்தக் கார்ப் பெட்டி. பெட்டியின் மேல் ‘எந்தக் கீறலையும் சில நிமிடங்களில்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். நகம் சிக்காத மெல்லிய வைப்பர்க் கோடுகளை நல்ல சீரியம் ஆக்ஸைடு நீக்கும் என்பது உண்மை. நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறலை நீக்குவதென்றால் அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கண்ணாடியையும் எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் உண்டாகி, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகச் சாலை நெளிந்து தெரியும். அத்துடன், டிரில்லின் முழு வேகத்தில் ஓரிடத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தால் கண்ணாடி சூடேறி விரிசல் விடும் அபாயம் உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய முன்கண்ணாடியில் இப்படி ஒரு விரிசல் விழுந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. பொடியின் தூய்மை, துகள் அளவு எதுவும் இல்லை. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும்கூட இல்லை, பொட்டலமாக விற்கும் பொருளுக்கு 2011ஆம் ஆண்டின் சட்ட அளவியல் விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியிருந்தும். நான் பொடியை எடுத்துவைத்துவிட்டு, அதே ஃபெல்ட் வட்டில் எஸ்.பி. ரோட்டுப் பழுப்புப் பொடியைக் குறைந்த வேகத்தில், தண்ணீர் தெளித்தபடி பயன்படுத்தினேன். மெல்லிய கோடுகள் போயின, ஆழமானது அப்படியே இருக்கிறது. வட்டு நன்றாகத்தான் இருக்கிறது. விற்பனையாளரிடம் புகார் எழுதியதற்கு, பொடியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது.

மூக்குக்கண்ணாடியில் எந்தப் பொடியையும் பயன்படுத்தாதீர்கள். இப்போதைய லென்ஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். மேல்பூச்சும் இருக்கும், அது உரிந்துவிடும். கைப்பேசித் திரைக்கும் இதே பதில்.

விலையில் இந்தப் பொடி நியாயமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு சுவையான காரணம் இருக்கிறது. காந்தங்களுக்காக உலகம் தேடுவது நியோடிமியத்தை. அது தனியாகக் கிடைப்பதில்லை. கனிமத்தை வெட்டினால் அதைவிட மிகுதியாகச் சீரியமும் கூடவே வந்துவிடுகிறது, விற்றாக வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களின் பட்டியலில் சமாரியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் முதலியவை இருந்தன, சீரியம் இல்லை. நம் பக்கமும் இதற்கு மூலப்பொருள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தின் அருமண் பகுதியில் ஏறத்தாழப் பாதி சீரியம்தான். திருவிதாங்கூர்க் கரையில் அந்தக் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டார். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியமும் சிறிதளவு சீரியமும் அதிலிருந்து கிடைத்ததால் அந்நாளில் அந்த மணலுக்குப் பெரிய கிராக்கி இருந்தது. தோரியம் இருப்பதாலேயே இன்று மோனசைட் அணுசக்தி தொடர்பான சட்டக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1950இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அதைக் கையாள்கிறது. என் கையிலுள்ள மூன்று பொட்டலங்களில் எதிலும் பொடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதப்படவில்லை. மணவாளக்குறிச்சி மணலின் சீரியத்தால் பெங்களூரில் ஓர் ஆடி மெருகேறுமானால் அதை அறிந்து வாங்க ஆசைப்படும் தமிழர்கள் என்னைப் போல் இன்னும் பலர் இருப்பார்கள். விற்பவர்கள் அதைச் சொல்லத் தொடங்கினால் நல்லது.

பாதுகாப்பைப் பற்றி: சீரியம் ஆக்ஸைடு கடும் நஞ்சு அல்ல, ஆனால் இதன் தூசியை நீண்ட காலம் சுவாசித்த மெருகுத் தொழிலாளர்களின் நுரையீரலில் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. உலர்ந்த பொடியை அள்ளும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். காய்ந்த கரைசலைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளோடு செய்யும்போது கரைசலை முன்னதாகவே பெரியவர்கள் கலந்து மூடிபோட்ட பாட்டிலில் வைத்துவிடுவது நல்லது. எஸ்.பி. ரோட்டுக் கடை இந்தப் பொடியைச் செய்தித்தாள் சுற்றிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறது. இது அந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். ஒரு தேய்ப்புத் துகள் உள்ளே விழுந்தாலும் ஆடி கெட்டுவிடும் என்பதால், தேய்ப்புப் பொடிகள் அடுக்கிய அதே பலகையில் இதைத் திறந்து நிறுப்பதை அவர்கள் நிறுத்த வேண்டும். வாங்கப் போகிறவர்கள் மூடி இறுக்கமான ஒரு சுத்தமான டப்பாவைக் கையோடு எடுத்துச் சென்று, மூட்டையின் நடுவிலிருந்து நிறுத்துப் போடச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள். 6 அங்குல ஆடிக்குக் கால் கிலோ வெள்ளையும் கால் கிலோ பழுப்பும் தாராளமாகப் போதும். வேலை முடிந்தும் மிஞ்சும்.